அரைக் கட்டை இறக்கி

செம்மொழி மாநாட்டுப் பாடலை இன்னொரு முறை போட்டுக் கேளுங்கள். தாளம் பிடிப்பதற்கு முன்பே, ஒரு திருக்குறளின் தொடக்கச் சொற்களை மட்டும் ஒரு முதிய குரல் பாடிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். அடுத்து ஏ.ஆர்.ரஹ்மான். அதன் பிறகு பி.சுசீலா முதல் ஸ்ருதி ஹாசன் வரை பெரும் பட்டாளமே வரிசை கட்டி வரும். அந்த முதல் குரல் டி.எம்.சௌந்தரராஜனுடையது. பாடல் வெளியான 2010இல் அவருக்கு எண்பது வயது தாண்டிப் பல வருடங்கள் ஆகியிருந்தன.

குரலில் என்ன இல்லை என்பது யார் காதுக்கும் கேட்கும். கோட்டைச் சுவரில் மோதித் திரும்புகிற அந்தப் பழைய முழக்கம் இல்லை. மூச்சு சுருங்கியிருக்கிறது. கார்வையின் ஓரத்தில் லேசான நடுக்கம் இருக்கிறது. என்ன மிச்சமிருக்கிறது என்று கேட்பதற்குத்தான் கொஞ்சம் பழக்கம் வேண்டும். ஒற்று விழ வேண்டிய இடத்தில் ஒற்று விழுகிறது. வல்லினம் வல்லினமாகவே ஒலிக்கிறது. சொல்லின் பொருளுக்கு எவ்வளவு அழுத்தம் போதுமோ அவ்வளவுதான், அதற்கு மேல் ஒரு குண்டுமணி கிடையாது. அறுபது வருடங்களாகத் தமிழ்ச் சொற்களை வாயில் வைத்துப் பழகியவருக்கு மட்டுமே கைகூடும் சுத்தம் அது.

இதில் பாதிப் பெருமை ரஹ்மானுக்கு. இழந்ததை அவர் கேட்கவில்லை, இருந்ததை மட்டும் கேட்டு வாங்கினார். உச்ச ஸ்தாயி கேட்கவில்லை, நீண்ட மூச்சு கேட்கவில்லை, வேகம் கேட்கவில்லை. மூத்த கலைஞரோடு சேர்ந்து வேலை செய்வது என்றால் என்ன என்பதற்கு இந்தச் சில நொடிகள் போதும். குரல் தளர்வது இயற்கை. தளர்ந்த குரலுக்குச் சரியான இடம் பார்த்துக் கொடுப்பதுதான் கலை.

அந்தப் பாடல் கோவைக்காக உருவானது என்பதில் இன்னொரு பொருத்தமும் இருக்கிறது. மாநாடு 2010 ஜூன் 23 முதல் 27 வரை அவிநாசி சாலை கொடிசியா வளாகத்தில் நடந்தது. அங்கிருந்து அதிக தூரமில்லை சிங்காநல்லூர். அங்கேதான் சென்ட்ரல் ஸ்டுடியோ இருந்தது. 1940களில் மதுரையிலிருந்து வந்த இளைஞர் சௌந்தரராஜன் ஜூபிடர் நிறுவனத்தின் ‘கிருஷ்ண விஜயம்’ படத்துக்காக, எஸ்.எம்.சுப்பையா நாயுடுவின் இசையில், தம் முதல் சினிமாப் பாட்டைப் பாடியது அங்கேதான். அப்போது அவர் குரலில் தியாகராஜ பாகவதரின் சாயல் அப்பியிருந்தது. படம் 1950இல் வந்தது. 1954இல் புலியகுளம் சாலை பட்சிராஜா ஸ்டுடியோவின் ‘மலைக்கள்ளன்’ வந்தபோது பாகவதர் விலகிப்போய், எம்.ஜி.ஆருக்கென்றே செய்தது போன்ற ஒரு குரல் பிறந்திருந்தது. அதற்கும் இசை சுப்பையா நாயுடுவே.

அதே சென்ட்ரல் ஸ்டுடியோவில் ஆபீஸ் பையனாக வேலை பார்த்தவர் பாலக்காட்டுப் பக்கத்து எலப்புள்ளியில் பிறந்த எம்.எஸ்.விஸ்வநாதன். ‘அபிமன்யு’ படத்துக்கு அவர் போட்ட மெட்டு சுப்பையா நாயுடுவின் பேரில் போனது. ஜூபிடர் கோவையைக் காலி செய்துகொண்டு சென்னைக்குக் கிளம்பியபோது, அந்த மெட்டு பையனுடையது என்று முதலாளியிடம் சொல்லி வழிவிட்டவரும் சுப்பையா நாயுடுதான். பிற்காலத்தில் அவரை விஸ்வநாதன் தம் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டார். மூத்தவர் இளையவருக்கு இடம் விடுவதும், இளையவர் மூத்தவருக்கு இடம் தருவதும் நம் ஊர் ஸ்டுடியோவிலேயே தொடங்கிய வழக்கம்.

அந்த விஸ்வநாதனுக்குப் பின்னாளில் நல்ல இடங்கள் கிடைத்தன. 1986இல் ‘மெல்லத் திறந்தது கதவு’. மெட்டு அவருடையது, வாத்திய அமைப்பும் பின்னணி இசையும் இளையராஜாவுடையவை. காதைத் தீட்டிக்கொண்டு கேட்டால் தையல் தெரியும். பல்லவி விஸ்வநாதனுக்கே உரிய வளைவோடு போய்க்கொண்டிருக்கும். இடையிசை தொடங்கியதும் பேஸ் கிட்டாரும் வயலின் அடுக்குகளும் வந்து, இது வேறு வீடு என்று சொல்லிவிடும். சரணம் மறுபடி பழைய வீட்டுக்குள் நுழையும். ஒருவர் பாணியை இன்னொருவர் விழுங்கவில்லை.

1999இல் ‘சங்கமம்’, 2002இல் ‘கன்னத்தில் முத்தமிட்டால்’. இரண்டிலும் எழுபதைத் தாண்டிய விஸ்வநாதனை ரஹ்மான் பாட வைத்தார். விஸ்வநாதனுக்கு எந்தக் காலத்திலும் தேன் குரல் கிடையாது. மேலே போனால் கம்மும், பிசிறு தட்டும். இரண்டாவது படத்தில், ஊரைவிட்டுக் கிளம்பும் ஈழத்து மக்களின் பாட்டில் ரஹ்மானுக்கு வேண்டியிருந்தது அந்தப் பிசிறுதான். அழகான குரல் பாடியிருந்தால் அது சோகப் பாட்டாகியிருக்கும். இந்தக் குரல் பாடியதால் ஒப்பாரிக்குப் பக்கத்தில் போய் நிற்கிறது.

இவையெல்லாம் பதிவுக்கூடத்துச் சங்கதிகள். அங்கே எடிட்டிங் உண்டு, இரண்டாம் டேக் உண்டு. மேடைக்கு வந்தால் கணக்கே வேறு. கூடவே காசுக் கணக்கும் வந்துவிடுகிறது.

இளையராஜாவும் ரோலிங் ஸ்டோன்ஸின் மிக் ஜாகரும் 1943இல் இரண்டு மாத இடைவெளிக்குள் பிறந்தவர்கள். ஸ்டோன்ஸின் 2023 ஆல்பத்தில் பால் மெக்கார்ட்னி ஒரு பாட்டுக்கு பேஸ் வாசித்தார். லேடி காகாவும் ஸ்டீவி வொண்டரும் எல்டன் ஜானும் உடனிருந்தார்கள். அடுத்த ஆண்டு அவர்கள் நடத்திய அமெரிக்கச் சுற்றுப்பயணத்துக்கு ஸ்பான்சர், ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்கான ஒரு சங்கம்! நம் ராஜாவோ 2025 மார்ச் 8 அன்று லண்டனில் ராயல் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவைக் கொண்டு தம் ‘வேலியண்ட்’ சிம்பொனியை அரங்கேற்றினார். எண்பதைத் தாண்டியும் இருவரும் ஓயவில்லை. ரசிகர்களுக்கும் வயதாகிவிட்டது, கையில் காசும் இருக்கிறது. டிக்கெட் விலை ஏறியதன் ரகசியம் பாதி இதுதான். அமெரிக்காவில் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் கச்சேரிக்குத் தேவைக்கேற்ப ஏறும் விலை 5,000 டாலர் வரை போனது. இங்கே கோல்ட்பிளே 2025 ஜனவரியில் மும்பைக்கு வந்தபோது டிக்கெட் 2,500 ரூபாயில் தொடங்கி 35,000 வரை. 500 ரூபாய்க்கு மேற்பட்ட டிக்கெட் என்றால் ஜி.எஸ்.டி. 18 சதவீதம் தனி.

எங்கள் பெரியப்பா ஒருவரிடம் இந்த விலையைச் சொன்னேன். “ஏங்கண்ணு, அந்தக் காசுக்கு ஒரு கன்னுக்குட்டி புடிச்சுக் கட்டலாமே” என்றார். அவர் கேட்டு வளர்ந்தது மாரியம்மன் நோம்பிக் கச்சேரி. கோயிலுக்கு எதிரே மேடை போட்டிருக்கும். பாட்டின் பேரைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் பாடுவார்கள். உள்ளூர்ப் பாடகர் டி.எம்.எஸ். பாட்டை அசல் சுருதியில், மேலே போகிற இடமெல்லாம் மேலேயே போய் நின்று, அச்சு அசலாகப் பாடிவிடுவார். டிக்கெட் கிடையாது.

இங்கேதான் சிக்கல். இளமைக்கால டி.எம்.எஸ். நோம்பியில் இலவசமாகக் கிடைக்கிறார். ஆயிரக்கணக்கில் கொடுத்து மூத்த பாடகரைப் பார்க்கப் போனால், அந்தக் குரல்தான் அங்கே இல்லை. அப்படியென்றால் எதற்குக் காசு?

முகம் பார்க்க என்றால் அதில் தவறொன்றும் இல்லை, அது தரிசனம். காதுக்காக என்றால் கேட்கச் சில விஷயங்கள் இருக்கின்றன. முதலில் சுருதி. மூத்த பாடகர்கள் மேடையில் அரைக் கட்டையோ ஒரு கட்டையோ இறக்கிப் பாடுவார்கள். கீபோர்டுக்காரருக்கு அது ஒரு பட்டன். புல்லாங்குழல்காரர் வேறு குழல் எடுக்க வேண்டும். வயலின்களுக்கு விரல் பிடிக்கும் இடமே மாறும். பழக்கப்பட்ட பாட்டு திடீரென்று நிழலில் வைத்தது போல் கறுத்துக் கேட்கும். சில பாட்டுக்கு அது கூடுதல் அழகு. அடுத்து, எட்டாத சுரத்தை என்ன செய்கிறார் என்பது. கோரஸிடம் விட்டுவிட்டு மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டுவது சுலபமான வழி. அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு கீழே வேறு ஒரு சங்கதி போட்டு, அடி முடியும்போது தாளத்தில் வந்து சேர்வது வித்தை. பதிவில் இல்லாத அந்தச் சங்கதி அந்த ராத்திரிக்கு மட்டுமே சொந்தம். காசு கொடுத்து வாங்க வேறெங்கும் கிடைக்காது.

2019 ஜூன் 2 அன்று சென்னைக்கு அருகே ஈ.வி.பி. ஃபிலிம் சிட்டியில் இளையராஜாவும் எஸ்.பி.பாலசுப்பிரமணியமும் யேசுதாஸும் ஒரே மேடையில் நின்றார்கள். இரண்டு வருடம் முன்பு மேடை உரிமை தொடர்பாக ராஜாவுக்கும் பாலுவுக்கும் நோட்டீஸ் வரை போன மனஸ்தாபம் அதோடு தீர்ந்தது. அடுத்த ஆண்டு செப்டம்பர் 25இல் பாலு போய்விட்டார். அந்த டிக்கெட்டின் விலை அதிகமா குறைவா என்று இன்று யாராவது விவாதிப்பார்களா?

2022இல் தம் பிறந்தநாளன்று இளையராஜா நம் கொடிசியா மைதானத்தில் கச்சேரி நடத்தினார். அவர் கச்சேரிகளில் எனக்குப் பிடித்த ஒன்று உண்டு. யாராவது பிசகினால், பாதிப் பாட்டில் நிறுத்திவிட்டு மறுபடி எடுக்கச் சொல்வார். வந்தவர்களில் சிலருக்கு எரிச்சல், சிலருக்குச் சிரிப்பு. கவனித்துப் பாருங்கள், ஒரே அடியை இரண்டு விதமாகக் கேட்கும் வாய்ப்பு அது. முதலில் எது தவறியது, இரண்டாவதில் எது சேர்ந்தது என்று பிடித்துவிட்டால், ஒத்திகை அறைக்குள்ளேயே போய்வந்த மாதிரி.

கடைசியாக ஒன்று, நம் ஊர்க்காரர்களுக்குப் பிடித்த விஷயம், சிக்கனம். மைதானக் கச்சேரியில் முதல் வரிசை கண்ணுக்கானது. பக்கத்திலேயே இருக்கும் பெரிய ஸ்பீக்கர்களின் அதிர்வு அங்கே குரலை அமுக்கிவிடும். ஒலியமைப்பாளர் மிக்சரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது நடுவில், கொஞ்சம் பின்னால். அவர் கேட்டுக் கேட்டுச் சரிசெய்வது அந்த இடத்துச் சத்தத்தைத்தான். பல கச்சேரிகளில் அது நடுத்தர விலை டிக்கெட். மூத்த குரலின் மூச்சையும் சொல்லையும் முழுதாக வாங்க அதைவிட நல்ல இடம் இல்லை. கன்றுக்குட்டி வாங்கும் காசு மிச்சம், செல்ஃபி மட்டும் நட்டம்.