தலையணைக்கும் திரைச்சீலைக்கும் என்ன உறவு?

கோட்டூர்புரத்தில் சில புது ஃப்ளாட்களுக்குள் நுழைந்தால், திரைச்சீலையில் பெரிய தாமரை. சோபா குஷனில் அதே தாமரை. டைனிங் டேபிள் விரிப்பிலும் அதே. கேட்டால், 'செட்டா வாங்கினோம் சார், எல்லாம் மேட்சிங்' என்பார்கள். எனக்கென்னவோ பாண்டு வாத்தியக்காரர்கள் யூனிஃபார்மில் வந்து உட்கார்ந்த மாதிரி இருக்கிறது.

டிசைனர்கள் இதைக் 'கலெக்‌ஷன்' என்பார்கள். நல்ல கலெக்‌ஷனில் இருப்பவை ஒரே பூவின் நகல்கள் அல்ல, ஒரே வீட்டுப் பிள்ளைகள். ஜாடை ஒன்று, சுபாவம் வேறு. கண்ணைப் பிடிக்கப் பெரிய டிசைன் ஒன்று, நடுத்தரமாக ஒன்று, கோடோ புள்ளியோ சின்னதாக ஒன்று. எல்லாவற்றுக்கும் பொதுவாக நாலைந்து கலர். கூடவே ஒரு ப்ளெயின்.

காஞ்சிபுரம் புடவை கட்டுகிறவர்களுக்கு இது புதிதல்ல. உடல் அடக்கமாக இருக்கும், பார்டர் கொஞ்சம் பேசும், முந்தானை உரக்கப் பேசும். முழுப் புடவையையும் முந்தானையாகவே நெய்தால் யார் கட்டுவார்கள்?

தரைக்கு உதாரணம் வேண்டுமென்றால் காரைக்குடி பக்கம் ஆத்தங்குடி. கண்ணாடித் தகட்டின் மேல் உலோக அச்சை வைத்து, அதன் அறைகளில் கலர் சிமென்ட்டை ஊற்றி, அச்சை எடுத்துவிட்டுப் பின்னால் மணலும் சிமென்ட்டும் போட்டு அழுத்துவார்கள். அப்புறம் தண்ணீரில் ஊறவைத்துக் காயவைப்பார்கள். சூளை கிடையாது. கண்ணாடி தொட்ட பக்கம்தான் பளபளப்பு. கையால் ஊற்றுவதால் ஒரு கல்லின் பூ இன்னொன்றில் அச்சு அசலாக வராது. அதுதான் அழகு.

செட்டிநாட்டு ஹாலில் நடுவே பூக்கல், சுற்றிலும் பார்டர், பார்டர் திரும்புகிற இடத்துக்கென்றே தனியாக மூலைக்கல், அதற்கு வெளியே ப்ளெயின். நடுவிலுள்ள சிவப்பிலிருந்து பார்டர் கொஞ்சம் கடன் வாங்கிக்கொள்ளும். கண் ஓடி, திரும்பி, ஓய்வெடுக்கிறது.

சென்னையில் சிலர் இதே பூக்கல்லை மட்டும் வாங்கிச் சுவருக்குச் சுவர் பரப்பிவிட்டு, 'ரொம்ப அடிக்கிறது' என்கிறார்கள். அடிப்பது கல் இல்லை. பாதி கலெக்‌ஷனைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்ததுதான். கேட்க ஆளில்லாவிட்டால் மூலைக்கல்லை யார் ஊற்றுவார்கள்? அச்சு துருப்பிடிக்கும். கை மறந்துபோகும்.

அடுத்த முறை தி.நகரில் திரைச்சீலை வாங்கும்போது, எடுத்த துணிகளை எல்லாம் ஒன்றாக விரித்து, பத்தடி தள்ளி நின்று பாருங்கள். எல்லாம் ஒரே சமயத்தில் கத்தினால் ஒன்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு ப்ளெயின் கேளுங்கள். கடைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார். பரவாயில்லை.