கண்ணகியின் மௌனம்

திருச்சிராப்பள்ளியில் வாழ்வோர்க்குச் சிலப்பதிகாரம் அயலூர்க் கதையன்று. புகாரை விட்டு மதுரைக்குப் புறப்பட்ட கோவலனும் கண்ணகியும், கவுந்தியடிகள் துணையாகக் காவிரியின் வடகரை வழியே நடந்து, திருவரங்கத்துச் சோலையில் தங்கி, ஓடமேறித் தென்கரை சேர்ந்து, உறையூருக்குள் நுழைகின்றனர். நாம் பேருந்தில் சில நிமிடங்களில் கடந்துவிடும் அதே நீரைத்தான் அவர்கள் கடந்தனர்.

அந்தத் தென்கரையில் ஒரு நிகழ்ச்சி. வழிப்போக்கர் இருவர், ஒருவன் வீண்பேச்சுக்காரன், மற்றவள் பரத்தை, இவர்கள் யார் என்று கவுந்தியை வினவுகின்றனர். “என் மக்கள்” என்கிறார் அடிகள். ஒரு வயிற்றில் பிறந்தோர் கணவனும் மனைவியுமாய் வாழ்வதுண்டோ என்று அவர்கள் எள்ளுகின்றனர். கண்ணகி செவிகளைப் பொத்திக்கொண்டு கணவன்முன் நடுங்கி நிற்கிறாள். ஒரு சொல் சொல்லவில்லை. கவுந்தி சினந்து அவ்விருவரையும் நரிகளாகுமாறு சபிக்கிறார்.

இப்பகுதியை வீட்டில் படித்துக்காட்டிக்கொண்டிருந்த ஓர் இரவில் என் மூத்த மகள் புத்தகத்தை மூடச் சொன்னாள். “அத்தா, இவளுக்கு வாயே கிடையாதா? கணவன் போனபோதும் பேசவில்லை, வந்தபோதும் பேசவில்லை. தன்னை இழித்துப் பேசுகிறவனைப் பார்த்தும் நடுங்குகிறாள்!” என்றாள். அவளுடைய பாட்டியார் விடவில்லை. “பெண்பிள்ளை என்றால் அப்படித்தான் இருக்கவேண்டும்” என்றார். இவ்விரு கட்சிகளும் என் வீட்டுக்கு மட்டும் உரியவை அல்ல. கண்ணகியைக் கற்பின் கொழுந்தென்று போற்றும் மேடைகள் தமிழகத்தில் எத்தனையோ. பெண்ணடிமைத்தனத்துக்கு இலக்கணம் வகுத்த நூலென்று சிலம்பையே சாடியவர் பெரியார். இரு சாராரும் படிப்பது ஒரே நூலைத்தான். தீர்ப்புத்தான் வேறு.

இந்த வேறுபாட்டுக்கு முதற்காரணம் நாம் கண்ணகியைச் சந்தித்த இடம் என்பது என் கருத்து. உ.வே.சாமிநாதையர் 1892இல் உரையோடு வெளியிட்ட பதிப்பைக் கையில் எடுத்தோர் சிலரே. 1942இல் வந்த ‘கண்ணகி’ திரைப்படத்தையும் 1964இல் வந்த ‘பூம்புகா’ரையும் பார்த்தவர் பல இலட்சம். சென்னைக் கடற்கரையில் 1968இல் நிறுவப்பட்டு, 2001இல் அகற்றப்பட்டு, 2006இல் மீண்டும் நின்ற சிலையும் சிலம்பேந்தி நீதி கேட்பவளின் சிலையே. அரசவையில் முழங்கிய கண்ணகியை நெஞ்சில் நிறுத்திக்கொண்டு நூலைத் திறப்பவர், புகார்க் காண்டத்தில் ஒரு பேசாப் பெண்ணைக் கண்டு ஏமாறுகிறார். மணவாழ்வின் தொடக்கத்தில் கோவலன் அவள் நலத்தை அடுக்கடுக்காகப் பாராட்டுகிறான். அவள் மறுமொழி சொன்னதாக இளங்கோ ஓரடியும் எழுதவில்லை. மணம் முடிக்கையில் அவளுக்கு வயது பன்னிரண்டு என்பதையும் நாம் மறந்துவிடுகிறோம்.

இரண்டாவது காரணம் சொல்லைப் பற்றியது. அச்சத்தையும் நாணத்தையும் நாம் ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டோம். வள்ளுவர் அப்படிச் செய்யவில்லை. நாணுடைமை அதிகாரத்தைத் தொடங்கும்போதே, தகாத செயலுக்கு வெட்குவது ஒன்று, அழகிய மகளிரின் கூச்சம் வேறொன்று என்று பிரித்துவிடுகிறார். அரபி மொழியிலும் ‘ஹயா’ வேறு, ‘கஜல்’ வேறு. பின்னது திகைத்து நாவெழாமல் நிற்பது. முன்னது ஈமானின் ஒரு கிளை என்று அண்ணல் நபி (ஸல்) அவர்களால் சிறப்பிக்கப்பட்ட பண்பு. திருமறையின் அல்கஸஸ் அத்தியாயத்தில் மத்யன் நாட்டுப் பெரியவரின் புதல்வியர் இருவரில் ஒருவர் நாணத்தோடு நடந்து வந்து மூஸா (அலை) அவர்களை அழைக்கிறார். வந்தவர் தந்தை சொன்ன செய்தியைத் தெளிவாகவே சொல்கிறார். அவ்விருவரில் ஒருவரே, வலிமையும் நம்பிக்கையும் உடைய இவரை வேலைக்கு அமர்த்துங்கள் என்று தந்தைக்கு யோசனையும் கூறுகிறார். ஹயா அங்கே வாயை அடைக்கவில்லை.

இந்த அளவுகோலைக் கண்ணகியிடம் வைத்துப் பார்ப்போம். பிரிந்த கணவன் திரும்பிவரச் சோமகுண்டத்திலும் சூரியகுண்டத்திலும் நீராடிக் காமவேளைத் தொழலாம் என்று தோழி தேவந்தி சொல்கிறாள். அது நமக்குப் பெருமையன்று என்று மிகச் சுருக்கமாக மறுத்துவிடுகிறாள் கண்ணகி. தனிமையில் வாடும் ஓர் இளம்பெண் கைக்கெட்டிய பரிகாரத்தைத் தள்ளிவிடுவது கூச்சத்தால் ஆகிற காரியமா? அச்சப்படுகிறவள் நீராடியிருப்பாள்.

அடுத்த நொடியே கோவலன் வருகிறான். பொருளிழந்த வறுமை தனக்கு நாணம் தருகிறது என்கிறான். கண்ணகி முறுவலித்து, சிலம்பு இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறாள். இந்த முறுவலைப் பற்றித்தான் பெரும்பூசல். அன்பின் முறுவல் என்பர் ஒரு சாரார். மாதவிக்குக் கொடுக்கப் பொருள் வேண்டி வந்திருக்கிறார் என்றெண்ணிய கசப்பு என்பர் மற்றொரு சாரார்.

இவ்விடத்தில் எனக்கு மதரஸாவில் ஓதிய ஹிதாயா நினைவுக்கு வருகிறது. திருமணத்துக்குச் சம்மதம் கேட்கும்போது கன்னிப்பெண்ணின் மௌனம் சம்மதமாகக் கொள்ளப்படும், சிரிப்பும் அவ்வாறே. ஆயினும் கேட்டதை எள்ளுவதுபோல அவள் சிரித்தால் அது சம்மதமாகாது என்ற கருத்தும் அங்கே பதிவாகியுள்ளது. அந்தச் சட்ட மேதைகள் ஒரு பெண்ணின் சிரிப்பை எவ்வளவு உற்றுக் கவனித்திருக்கிறார்கள்! நம் வீடுகளிலோ ‘மௌனம் சம்மதம்’ என்ற பாதியை மட்டும் எடுத்துக்கொண்டோம். வலீயாகிய தந்தை அறைவாசலில் நின்று கேட்கிறார். உள்ளே பெண்கள் சூழ்ந்திருக்கிறார்கள். விடை வராவிட்டால் ‘சரி’ என்று எழுதிக்கொள்கிறோம். கண்ணகியின் மௌனத்தைப் பணிவென்று படிப்போரும் இதே அவசரத்தில்தான் படிக்கிறார்கள். அடிமைத்தனமென்று படிப்போரும் அப்படியே.

ஏனெனில் அவள் சம்மதிக்கவில்லை. மதுரையில் மாதரியின் மனையில், கோவலன் கொலையுண்ணப் புறப்படும் முன்னர், என்னோடு ஏன் வந்தாய் என்று உருகிக் கேட்கிறான். அப்போது முதன்முறையாக வாய் திறந்து நிறையப் பேசுகிறாள். விருந்தோம்பும் வாழ்வை இழந்ததையும், மாமன் மாமியர்முன் துயரை மறைத்துச் சிரித்ததையும் சொல்லி, நீங்கள் நடந்துகொண்ட விதம் சான்றோர் ஏற்பதன்று என்று நேருக்கு நேர் கூறிவிடுகிறாள். பாண்டியன் அவையில் வெடித்த குரல் திடீரென்று பிறந்ததன்று.

1814இல் ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஆஸ்டின் வெளியிட்ட ‘மேன்ஸ்ஃபீல்டு பார்க்’கின் நாயகி ஃபேனி பிரைஸும் இத்தகையவளே. ஏழை, கூச்சமுள்ளவள், ஆனால் நற்குணமில்லாத செல்வன் ஒருவன் மணக்கக் கேட்டபோது, வளர்த்தவர் வற்புறுத்தியும் இணங்காதவள். அவள் சப்பென்றிருப்பதாக ஆசிரியையின் தாயாரே சொன்னாராம். பேசாத நாயகியர்க்கு எங்கும் இதே கதிதான் போலும்.

ஆயினும் என் மகளுக்கு நான் முழு விடை கூறிவிட்டதாகச் சொல்லமாட்டேன். மதுரையில் சொன்னதைப் புகாரிலேயே சொல்லியிருந்தால் என்ன என்று அவள் கேட்டாள். அக்கண்டிப்பிலும், உங்கள் சொல்லை மறுக்காத மனத்தினளாதலின் எழுந்து வந்தேன் என்றுதானே முடிக்கிறாள் என்றும் கேட்டாள். அதைக் குறையென்று அவள் கருதுகிறாள். நானும் அவ்விடத்தில் தயங்குகிறேன்.

பின்பு தென்கரை நிகழ்ச்சியின் எஞ்சிய அடிகளைப் படித்தோம். நரிகளின் ஊளை கேட்டதும் கண்ணகியும் கோவலனும் நடுங்கி, அறியாமையால் பேசிவிட்டார்கள், இவர்களுக்கு மீட்சி எப்போது என்று கவுந்தியிடம் மன்றாடுகின்றனர். உறையூர் மதிற்புறத்தில் பன்னிரண்டு திங்கள் திரிந்தபின் பழைய உருவம் பெறுவர் என்று சாபம் எல்லை பெறுகிறது. தன்னை இழித்தவர்க்காக அந்தப் பேசாப் பெண்ணும் சேர்ந்து வாய் திறந்திருக்கிறாள் என்று மகளிடம் சுட்டினேன். அவள் மறுமொழி சொல்லாமல் அந்தப் பக்கத்தை மறுபடியும் முதலிலிருந்து படித்தாள். சம்மதித்தாள் என்று நான் எழுதிக்கொள்ளவில்லை.