அளவுகோலும் அறியாமையும்

1956ஆம் ஆண்டிலேயே இந்தியாவில் மெட்ரிக் அளவை சட்டமாயிற்று. ஆயினும் அதனைப் பற்றிய தவறான எண்ணங்கள் இன்னும் அகன்றபாடில்லை. பழிப்போரிடத்தில் மட்டுமா? புகழ்வோரிடத்திலுந்தான்!

"முழமும் சாணும் உடலோடு பிறந்தவை, மீட்டரோ செயற்கை" என்பர் பழமை விரும்பிகள். உடலோடு பிறந்தவைதாம், எவர் உடலோடு? பூக்கடையில் நெடுங்கைக்கு ஒரு முழம், குறுங்கைக்கு வேறொரு முழம்! பிரான்சு நாட்டில் அடிக்கு 'மன்னன் அடி' என்றே பெயர். ஆனால் அளவைகளோ ஊருக்கு ஊர் வேறு. 1789இல் மக்கள் எழுதியளித்த முறையீடுகளில், எங்கும் ஒரே அளவை வேண்டும் என்ற குரலும் ஒலித்தது. அக்குரலுக்கு விடையாக 1795இல் சட்டமானதே மெட்ரிக்.

"வல்லரசாம் அமெரிக்காவே ஏற்கவில்லையே!" என்பது அடுத்த வாதம். 1866லேயே அங்குச் சட்டம் அதற்கு இசைவளித்தது. 1875இல் மீட்டர் உடன்படிக்கையில் ஒப்பமிட்ட 17 நாடுகளுள் அமெரிக்காவும் ஒன்று. 1893 முதல் அவர்தம் கெஜமும் பவுண்டும் மீட்டரையும் கிலோகிராமையும் சார்ந்தே நிற்கின்றன. 1959 முதல் ஒரு கெஜம் சரியாக 0.9144 மீட்டர். வாயிலில் மறுத்ததை அடித்தளத்தில் வைத்திருக்கிறார்கள்! இரட்டை அளவைக்கு அவர்கள் விலையும் கொடுத்தார்கள். ஒரு சாரார் பவுண்டிலும் மறு சாரார் நியூட்டனிலும் கணக்கிட, 1999இல் செவ்வாய்க்கு அனுப்பிய விண்கலம் தொலைந்தது.

இனி நம் பக்கம் வருவோம். "மீட்டர் இயற்கை தந்த பிழையற்ற அளவு" என்று வகுப்பறையில் நாமும் சொன்னதுண்டு. தவறு! வடமுனையிலிருந்து நிலநடுக்கோடு வரையுள்ள தொலைவில் கோடியில் ஒரு பங்கே மீட்டர் என வகுத்து, 1792 முதல் 1798 வரை தெலாம்பரும் மெஷேனும் டன்கிர்க்கிலிருந்து பார்சிலோனா வரை அளந்தனர். முடிவில் கிடைத்த மீட்டரோ ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர் குறைவு.

அதனால் மெட்ரிக் வீழ்ந்ததா? இல்லை. நீளத்தை வைத்துக்கொண்டு, புவியைக் காட்டிப் பெருமை பேசுவதை அறிவியலார் விட்டனர். 1983 முதல் மீட்டருக்கு ஒளியின் வேகமே அடிப்படை. பாரிசின் அருகே பேணப்பட்ட கிலோகிராம் கட்டியும் 2019இல் பதவி இழந்தது.

திருத்தத்திற்கு இடந்தருவதே அதன் சிறப்பு, பிழையின்மையன்று. தோழர்களே, பழமையின் புராணத்தை மறுக்கும் நாம் புதுமைக்கொரு புராணம் பாடலாமா?