ஜேம்ஸ் மாசேயின் தலித் இறையியல்: இனமும் சாதியும்

தலித் இறையியல் இந்தியத் திருச்சபைகளில் 1980களில் உருப்பெற்ற சிந்தனைப் போக்காகும். பெங்களூரு ஐக்கிய இறையியல் கல்லூரியில் ஏ.பி. நிர்மல் 1981இல் ஆற்றிய உரையை அதன் தொடக்கமாகக் கொள்வர். அப்போக்கைத் தில்லியிலிருந்து வளர்த்தவர்களுள் குறிப்பிடத்தக்கவர் ஜேம்ஸ் மாசே (1943–2015). பஞ்சாபைச் சேர்ந்த இவர் தேசியச் சிறுபான்மையினர் ஆணையத்தின் உறுப்பினராகவும் பணியாற்றியவர். இனம், சாதி, திருச்சபை ஆகியவற்றை இவர் இணைத்துக் காணும் முறையை இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

இனக் கோட்பாடு

தலித்துகளின் வரலாற்றைச் சுருக்கமாகக் கூறும் தம் நூலில் (1991) அவர்களது தாழ்நிலையின் தொடக்கத்தை ஆரியர் வருகையோடு மாசே பொருத்துகிறார். அமெரிக்கக் கறுப்பின இறையியலை ஜேம்ஸ் கோன் 1969இல் நூல்வடிவில் முன்வைத்தபோது நிறவேற்றுமை கண்கூடான உண்மையாக இருந்தது. சாதியோ நிறத்தால் அறியப்படுவதன்று. தெருவாலும் இடுகாட்டாலும் அறியப்படுவது. பஞ்சாபின் பார்ப்பனரும் சமாரும் ஒரே இனத்தவரே என அம்பேத்கர் 1936இலேயே எழுதியுள்ளமை இங்கு ஒப்புநோக்கத்தக்கது. எனவே இனக் கோட்பாடு மாசேயின் வாதத்திற்கு வலுச்சேர்க்கவில்லை எனலாம்.

சொல்லாய்வு

பிளத்தலைக் குறிக்கும் வடமொழி வேரையும், எளியோரைக் குறிக்கும் எபிரேயச் சொல்லையும் 'தல்' என்னும் ஒலி ஒப்புமை கொண்டு மாசே இணைத்துக் காட்டுகிறார். ஒலி ஒப்புமை மட்டுமே சொல்லுறவுக்குச் சான்றாகாது என்பதைத் தமிழ்ச் சொல்லாய்வாளர் நன்கறிவர். ஆயினும் ஆமோஸ் தீர்க்கதரிசி கண்டிக்கும் அநீதிக்கு ஆளான எளியோரைக் குறிக்க அச்சொல்லே ஆளப்படுகிறது. ஆகவே சொற்பிறப்பு விளக்கம் என்ற அளவில் வீழ்கின்ற இவ்விணைப்பு, மறைநூல் வாசிப்பு என்ற அளவில் நிலைபெறுகிறது.

திருச்சபையும் சட்டமும்

மாசேயின் உண்மையான பங்களிப்பு திருச்சபை வரலாற்றிலேயே வெளிப்படுகிறது. சியால்கோட் பகுதியில் 1873இல் திருமுழுக்குப் பெற்ற தித் என்னும் சூரா சாதியினர் வழியே பஞ்சாபில் பெருந்திரளான மதமாற்றம் நிகழ்ந்தது. அதனை மறைப்பணியாளரின் சாதனையாகக் கொள்ளாது ஒடுக்கப்பட்டோரின் சொந்த முயற்சியாகக் காண்பதே இவ்வகை ஆய்வின் அடிப்படை. ஆனால் மதம் மாறியும் சாதி மாறவில்லை. நெல்லைச் சீமையின் வடக்கன்குளம் தேவாலயத்தில் சாதிகளைப் பிரித்து நின்ற சுவர் 1910இல்தான் இடிக்கப்பட்டது.

1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் வழங்கியது, சீக்கியர் 1956இலும் பௌத்தர் 1990இலும் சேர்க்கப்பட்டனர், கிறித்தவர் சேர்க்கப்படவில்லை. சூசை வழக்கில் (1985) உச்சநீதிமன்றம், மதம் மாறிய பின்னும் அதே கொடுமை அதே அளவில் தொடர்வதை நிறுவ வேண்டும் எனக் கூறிப் போதிய சான்றின்மையால் மனுவைத் தள்ளியது. இத்தீர்ப்போடு சேர்த்து வாசிக்கும்போதே மாசேயின் நூல்களது பொருள் முழுமையாகப் புலப்படுகிறது. தன்னகத்தே சாதியில்லை என மறுக்கும் திருச்சபை, தன் மக்களின் உரிமைக்குரிய சான்றையே மறைக்கிறது. 2022இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஆணையம் அமைக்கப்பட்டமை இச்சிக்கல் நீடித்ததைக் காட்டும்.

முடிவுரை

மாசேயின் இனவரலாறு ஐயத்திற்குரியது. அவர் காட்டும் திருச்சபை வரலாறு மறுத்தற்கரியது. முன்னதை நீக்கினும் பின்னது நிற்கும். திருச்சபை தன் குற்றத்தை ஒப்புக்கொள்வது சமயக் கடமை மட்டுமன்று, நீதிக்குரிய முதற்சான்றும் ஆகும் என்பதே அவரது ஆய்வுவழிப் பெறப்படும் கருத்தாகும்.