ஆச்சி இறக்கிய பல்லாங்குழி

2020 மார்ச் 25-இல் ஊரடங்கு வந்ததும் சங்கரன்கோவிலில் விசைத்தறிச் சத்தம் அடங்கியது. அந்தக் கடகடப்பிலேயே வளர்ந்த எங்களுக்கு முதல் சில நாள் தூக்கம் பிடிக்கவில்லை. தறி ஓடாவிட்டால் கூலி ஏது? கவலை இருக்கத்தான் செய்தது. அப்போதுதான் ஆச்சி பரணிலிருந்து பல்லாங்குழியை இறக்கினாள். 14 குழி, குழிக்கு 5 புளியமுத்து. மூன்று தலைமுறை விரல் பட்டு வழவழத்த மரம். வெறுங்குழியில் ஒவ்வொன்றாய் விழுந்து 4 முத்து சேர்ந்தால் அது 'பசு'. அதை அள்ளுகையில் ஆச்சியின் கைக்குத்தான் என்ன வேகம்! வேலைநாளில் நாங்கள் தூங்கிய பிறகே வீடு திரும்பும் அப்பா, சம்மணமிட்டு உட்கார்ந்து தங்கச்சியிடம் தோற்றார். "இன்னொரு ஆட்டம் போடுவோமா தாயி?" என்று அவரே முத்துகளைப் பங்கிடத் தொடங்கினார்.