ஆப்பிளைத் தாண்டிய சிவப்பு

சின்னக் குழந்தைகளுக்கான நிறப் புத்தகம் ஒன்றைத் திறக்காமலேயே உள்ளே என்ன இருக்கும் என்று சொல்லிவிடலாம். சிவப்புக்கு ஆப்பிள், மஞ்சளுக்கு வாழைப்பழம், பச்சைக்குக் கிளி, நீலத்துக்கு வானம், ஊதாவுக்குக் கத்திரிக்காய், கறுப்புக்குக் காகம். பக்கத்துக்கு ஒரு பொருள். மேலே ஆங்கிலப் பெயர், கீழே தமிழ்ப் பெயர். வெம்பக்கோட்டையிலிருந்து பஸ் ஏறிச் சிவகாசிக்குப் போகிற பெற்றோர் ஸ்டேஷனரி கடையில் வாங்கி வருவது இதைத்தான். சென்னையில் குளிரூட்டிய புத்தகக் கடைக்குப் போகிறவர்கள் கூடுதல் விலை கொடுத்து வாங்குவதும் பெரும்பாலும் இதைத்தான்.

சிவகாசி வட்டாரத்துக்கு நிறம் பிழைப்பு. 1920களின் தொடக்கத்தில் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் சிவகாசியில் அதை ஊன்றினார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் தேவைப்பட்டது, லேபிளுக்கு அச்சகம் தேவைப்பட்டது. பிறகு பட்டாசு, காலண்டர், நோட்டுப் புத்தகம், பாடநூல் என்று தொழில் கிளைவிட்டது. நாட்டின் பாதிச் சுவர்களுக்கு இங்கிருந்துதான் நிறம் போகிறது என்று இந்த ஊர்க்காரர்கள் பெருமை பேசினால் அதில் மிகை கொஞ்சம்தான். அப்படிப்பட்ட ஊரின் குழந்தைக்கு முதல் சிவப்பாக இங்கே விளையாத ஆப்பிள் வருகிறதே என்று கேட்கத் தோன்றும். பலரும் கேட்கிறார்கள். எனக்கு அந்தப் புகாரில் பாதி உடன்பாடுதான். ஆப்பிள் இன்று வெம்பக்கோட்டைப் பெட்டிக்கடையிலும் தொங்குகிறது, குழந்தைக்கு அது அந்நியப் பழம் அல்ல. ஆப்பிளை எடுத்துவிட்டு அங்கே மிளகாய்ப்பழத்தை வைத்தால் புத்தகம் உள்ளூர்ப் புத்தகமாகும், ஆனால் நல்ல புத்தகமாகிவிடாது. கோளாறு இருப்பது புத்தகத்தின் கட்டமைப்பில்.

முதலில் அந்தக் கட்டமைப்புக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிட வேண்டும். ஒரு பக்கத்தில் ஒரே பொருள் இருந்தால் ஒன்றரை வயதுக் குழந்தையின் கண் அலைவதில்லை. கெட்டி அட்டை வாயில் வைத்துச் சப்பினாலும் தாங்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, படிக்கத் தயங்குகிற தாத்தா பாட்டியும் இந்தப் புத்தகத்தைக் கூச்சமில்லாமல் கையில் எடுக்கலாம். நாள் முழுக்கப் பட்டாசு ஆலையிலோ தீப்பெட்டி ஆபீஸிலோ உட்கார்ந்துவிட்டு வரும் அம்மாவுக்கு இரவில் மிஞ்சும் ஐந்து நிமிடத்துக்குள் அடங்கக்கூடியது இது. கதைப் புத்தகம் என்றால் அவள் அசந்துவிடுவாள். எளிமையான புத்தகங்களை இளக்காரமாகப் பேசும் விமர்சகர்கள் இந்த ஐந்து நிமிடத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

குறை வேறிடத்தில் இருக்கிறது. சிவப்பும் ஆப்பிளும் எப்போதும் சேர்ந்தே வந்தால் குழந்தை அந்தச் சொல்லை எதோடு ஒட்டிக்கொள்ளும்? வடிவத்தோடா, வழவழப்போடா, தின்கிற பண்டம் என்பதோடா? நிறங்களை நான்கு மாதக் குழந்தையே வகை பிரித்துப் பார்க்கிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் நிறப்பெயர்களைத் தடுமாறாமல் சொல்ல மூன்று, நான்கு வயதுகூட ஆகிறது. சார்லஸ் டார்வினே தன் பிள்ளைகள் நிறப்பெயர்களைத் தப்புத் தப்பாகச் சொன்னதைப் பார்த்து, அவர்களுக்கு நிறக்குருடோ என்று சந்தேகப்பட்டதாக 1877இல் எழுதினார். பிள்ளைகள் பிறகு சரியாகவே சொன்னார்கள். பந்தைக் கையில் பிடிக்கலாம், நாயைக் கூப்பிடலாம். சிவப்பைத் தனியாக எடுத்துக் குழந்தையின் கையில் யாரும் கொடுக்க முடியாது; அது எப்போதும் இன்னொன்றின் மேல் ஏறித்தான் வரும். தாமதத்துக்கு அது ஒரு காரணமாக இருக்கலாம்.

மைக்கேல் ராம்ஸ்கார் குழுவினர் 2010இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இங்கே பயன்படும். இரண்டு வயதுக் குழந்தைகளிடம் பொருளை முதலில் சொல்லி நிறத்தைப் பிறகு சொன்னபோது அவர்கள் நிறச் சொற்களை மேலாகக் கற்றார்களாம். நம் புத்தகங்கள் ‘சிவப்புப் பந்து’ என்று நிறத்தை முன்னால் வைக்கின்றன. வீட்டுப் பேச்சிலோ ‘இந்தப் பந்து சிவப்பு’ என்பது நமக்குச் சரளமாக வரும். அச்சில் இருப்பதை அப்படியே ஒப்பிக்காமல், படிக்கிறவர் வாய்ப்பேச்சாக மாற்றிச் சொன்னால் போதும். பைசா செலவில்லாத திருத்தம் இது.

கட்டமைப்பை மாற்றிய புத்தகங்கள் உலகில் நிறைய உண்டு. பில் மார்ட்டின் எழுதி எரிக் கார்ல் படம் வரைந்த பழுப்புக் கரடிப் புத்தகம் 1967இல் வந்தது. அதில் ஒரு குதிரை நீலமாக வரும். நீலக் குதிரையைப் பார்த்துச் சிரிக்கிற குழந்தை நிறத்தையும் பொருளையும் பிரித்துவிட்டது என்று பொருள். 1959இல் லியோ லியோனி, ரயிலில் பேரப்பிள்ளைகளைச் சமாளிப்பதற்காகப் பத்திரிகைத் தாளைக் கிழித்து ஒரு கதை சொன்னார்; அதுவே புத்தகமானது. நீலத் துண்டும் மஞ்சள் துண்டும் கட்டிப்பிடித்துக்கொண்டு பச்சையாகிவிடும். வீட்டுக்குப் போனால் பெற்றோருக்கே அடையாளம் தெரியாது. கண்ணும் மூக்கும் இல்லாத காகிதத் துண்டுகளின் கதை, ஆனாலும் குழந்தைகள் கவலைப்பட்டுக் கேட்கிறார்கள். நிறத்தைப் பட்டியலாகப் போடாமல் ஒரு சம்பவமாக ஆக்கியதுதான் அந்தப் புத்தகத்தின் சாமர்த்தியம்.

பட்டியல் புத்தகங்கள் தவறவிடும் இன்னொன்று, ஒரே நிறத்துக்குள் இருக்கும் பரப்பு. அவற்றில் பச்சை ஒன்றே ஒன்றுதான். சிவகாசி ஜவுளிக்கடையில் சேலை எடுக்கும் பெண்களிடம் கேளுங்கள்: கிளிப்பச்சை, ராமர் பச்சை, பாசிப்பச்சை, அது போக மயில் கழுத்து. சிவப்பிலே அரக்கு, மெரூன், மிளகாய்ப்பழக் கலர். இவ்வளவு பேதம் தெரிந்த பெண்ணின் பிள்ளைக்கு ஒற்றைப் பச்சையோடு ஒரு புத்தகத்தைக் கொடுத்து இதுதான் கல்வி என்கிறோம். ஒரு பக்கம் முழுக்கப் பச்சைகளாகவே நிரப்பிய புத்தகம் கிடைத்தால் நான் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவேன்.

அச்சையும் பார்க்க வேண்டும். படத்தின் நிறம் கெட்டால் நிறப் புத்தகத்தில் மிச்சம் எதுவும் இல்லை. நான்கு மையில் அச்சிடும் முறையில் பளீரென்ற ஆரஞ்சும் ஆழ்ந்த ஊதாவும் கொஞ்சம் மங்கித்தான் விழும். அவற்றுக்குத் தனி மை போட வேண்டும், அதற்குத் தனிச் செலவு. மலிவுப் பதிப்புகளில் ஊதாவும் நீலமும் ஒன்றுபோல இருக்கும். அதைக் காட்டி ‘இது என்ன கலர்?’ என்று மிரட்டினால் குழந்தை முழிக்காமல் என்ன செய்யும்? ஒரு நிறத்தின் மேல் இன்னொன்று இம்மி விலகி விழுந்திருந்தால் ஓரத்தில் நிழல் தட்டும். இதையெல்லாம் கண்டுபிடிக்க வெம்பக்கோட்டைப் பெற்றோருக்கு என் உதவி தேவையில்லை. அச்சகத்தில் வேலை பார்க்கிற சொந்தக்காரர் ஒருவராவது அநேக வீட்டில் உண்டு. தாளைத் திருப்பிப் பார்த்தவுடனே சொல்லிவிடுவார்.

பட்டாசை நிறப் புத்தகத்தில் சேர்க்கலாமா என்ற கேள்வி இந்த ஊரில் சும்மா கேட்கிற கேள்வி அல்ல. வானத்தில் சிவப்பு வர ஸ்ட்ரான்ஷியம், பச்சை வர பேரியம், மஞ்சளுக்குச் சோடியம், நீலத்துக்குத் தாமிரம். இதில் நீலம்தான் வரவழைக்கக் கடினமானது. பேன்சி ரகங்களுக்கு உருட்டுகிற மணி மருந்தில் அடங்கியிருப்பது இந்த நிறங்களே. உராய்வில் அது வெடித்து ஆட்கள் இறந்த செய்தி வெம்பக்கோட்டைப் பக்கத்திலிருந்து திரும்பத் திரும்ப வருகிறது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளைத் தடை செய்தது. பேரியம் நைட்ரேட் பச்சைக்கு மட்டுமல்லாமல் வேறு பல ரகங்களுக்கும் அடிப்படைச் சரக்கு என்பதால் ஊரே ஆட்டம் கண்டது. இதே நீதிமன்றம் 1996இல், சிவகாசித் தொழிலில் குழந்தை உழைப்பு குறித்த எம்.சி. மேத்தா வழக்கில், வேலைக்கு வைக்கப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று சொன்னது. லேபிளின் நிறத்தையும் மருந்தின் நிறத்தையும் புத்தகத்தில் பார்க்காமல் கையிலேயே பார்த்த ஒரு தலைமுறை இங்கே இருந்தது.

இந்தப் பின்னணியில் ராக்கெட் படத்தைப் போட்டு ‘சிவப்பு, பச்சை, நீலம்’ என்று குதூகலிப்பது எனக்கு ஒப்பவில்லை. முற்றாக மறைப்பதும் பொய்தான். வேலை விட்டு வரும் அம்மாவின் கையில் அலுமினியப் பவுடர் வெள்ளியாக மின்னுவதைக் குழந்தை பார்க்கிறது. அதற்கு அது ஒரு நிறம். அந்தக் கையை அழகுப் படமாக்குகிற ஓவியரும் வருவார், வரக்கூடாது. கையைக் கழுவிய பிறகுதான் பிள்ளையைத் தூக்க வேண்டும் என்பது அம்மாவுக்குத் தெரியும். படத்திலும் வாளியும் சோப்பும் இருக்கட்டும். புத்தகத்துக்கு இங்கே ஒரு தனிப் பயன் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும்: மத்தாப்பின் பச்சை நொடியில் போய்விடும், காகிதத்தின் பச்சையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கலாம்.

கறுப்பிடம் நம் புத்தகங்கள் நடந்துகொள்ளும் விதம் எனக்கு எரிச்சலூட்டுவது. காகம், இருட்டு, கரி, பூதம் என்று பட்டியல் முடிந்துவிடும். கரிசல் காட்டில் மண்ணே கறுப்பு. பருத்தியும் சோளமும் அதிலிருந்துதான் வருகின்றன. மழை பெய்த மறுநாள் அந்த மண்ணின் கறுப்பு வேறு, கோடையில் பாளம் பாளமாக வெடித்த பிறகு வேறு. இதே புத்தகங்களில் வருகிற பிள்ளைகளோ ரோஸ் கன்னத்தோடு இருக்கிறார்கள். அமெரிக்காவின் கிரேயோலா நிறுவனம் தன் ‘தோல் நிறம்’ என்ற மெழுகுக் குச்சியின் பெயரை 1962இலேயே மாற்றிவிட்டது. நம் பள்ளிகளிலோ இன்னும் அந்த வெளிர் ரோஸ் குச்சியைத்தான் ‘ஸ்கின் கலர்’ என்று பிள்ளைகள் கேட்டு வாங்குகிறார்கள். வாங்குவதற்கு முன் மனித முகங்களைப் பார்த்துவிடுங்கள். இதில் நான் தளர்வு காட்டுவதில்லை. மெனேனா கோத்தின், ரொசானா ஃபாரியா இருவரும் செய்து 2006இல் மெக்சிகோவில் வெளிவந்த நிறப் புத்தகம் முழுக்கக் கறுப்பு. மேடாக அச்சிட்ட கோடுகளும் பிரெயில் எழுத்தும் இருக்கும். பார்வையற்ற ஒரு சிறுவன் நிறங்களைச் சுவையாலும் மணத்தாலும் தொடுகையாலும் சொல்வான். கறுப்புக்கு இவ்வளவு வேலை கொடுத்த புத்தகம் வேறொன்றை நான் பார்த்ததில்லை.

உள்ளூர் நிறங்களில் ஒரு புத்தகம் செய்தால் சரக்குக்குப் பஞ்சமில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் கையில் இருக்கும் கிளியைத் தினமும் இலைகளால் புதிதாகக் கட்டுகிறார்கள், அலகுக்கு மாதுளம்பூ. இராஜபாளையம் நாய் பால்வெள்ளை, மூக்கு மட்டும் ரோஸ். இந்த ஊர்களை ஒட்டிய மலையடிவாரத்தில் சாம்பல் நிற அணிலுக்கென்று 1988இல் சரணாலயமே அமைத்தார்கள். விஜயகரிசல்குளத்தில் 2022இல் தொடங்கிய வெம்பக்கோட்டை அகழாய்வில் சங்கு வளையல்களும் கண்ணாடி மணிகளும் சூதுபவளமும் கிடைத்தன. சிவப்புக்கு வேறென்ன வேண்டும்? ஆனாலும் இதில் ஒரு அபாயம் இருக்கிறது. பக்கத்துக்கு ஒரு பெருமை என்று அடுக்கினால் சுற்றுலாத் துறைக் கையேடு ஆகிவிடும். இலைக்கிளி நல்ல பக்கமாவது அது கோயில் சிறப்பு என்பதால் அல்ல. காலையில் இருந்த பச்சை மாலைக்குள் வாடி மங்கும், அதைப் பற்றிக் குழந்தை பேசும் என்பதால்.

நர்சரிப் பள்ளிகளில் இப்போது ‘ரெட் டே’, ‘எல்லோ டே’ நடக்கிறது. முதல் நாள் இரவு மஞ்சள் சட்டைக்காக அப்பா கடை கடையாக அலைகிறார். நிறம் ஒரு நாள் முழுக்கக் கண்ணில் படுகிறதே என்று பார்த்தால் நல்ல யோசனைதான். போட்டோ எடுத்து முடிந்தவுடன் கேள்வி தொடங்குகிறதே, அதுதான் கெடுக்கிறது. புத்தகமும் அதே வழியில் பரீட்சைத் தாளாகிறது. சிவப்பு பச்சையைப் பிரித்தறியாத குறை ஆண் குழந்தைகளிடம் பெண் குழந்தைகளைவிட அதிகம். அது பரம்பரையாக வருவது. நான்கைந்து வயதிலும் ஒரு பையன் இந்த இரண்டிலேயே திரும்பத் திரும்பத் தடுமாறினால் கண் மருத்துவரிடம் காட்ட வேண்டும், அதட்டிப் பயனில்லை. அதுவரை கேள்வியை மாற்றிக் கேட்கலாம்: ‘இதே மாதிரி நம்ம வீட்ல எது இருக்கு?’ இதற்குக் குழந்தை எழுந்து ஓடும்.

வாங்க வசதியில்லை என்றால் இந்த வட்டாரத்தில் வேறு வழியும் உண்டு. அச்சகத்தில் கழித்துப்போடும் வேஸ்ட் ஷீட்டில் பெரிய பெரிய நிறப் பரப்புகள் இருக்கும். அதிலிருந்து பச்சைகளை மட்டும் கிழித்து அட்டையில் ஒட்டி, ஊசி நூலால் தைத்தால் ஒரு புத்தகம் ஆகிவிடும். உருப்பெருக்கிக் கண்ணாடி கிடைத்தால் அந்தப் பச்சைக்குள் நீலப் புள்ளியும் மஞ்சள் புள்ளியும் தனித்தனியாகத் தெரியும். லியோனியின் கதை அங்கேயே நடந்துகொண்டிருக்கும். ஸ்டேப்ளர் பின் வேண்டாம். எதையும் வாயில் வைக்கும் வயதில் மைத்தாளைக் கொடுக்கவும் கூடாது. மூன்று வயது தாண்டட்டும், அதுவரை அந்த ஆப்பிள் புத்தகமே இருக்கட்டும்.