கவிழ்த்துப் பார்க்க வேண்டிய காலணி

மலையேற்றக் காலணி வாங்கும்போது நான் முதலில் கவிழ்த்துத்தான் பார்ப்பேன். ஆழமான பள்ளங்கள், நடுவே தடித்த ரப்பர்க் கட்டைகள்: பாறையைக் கவ்விப் பிடிப்பவை இவையே. இத்தாலிய மலையேறி விதாலே பிரமானி தந்த கொடை. 1935-இல் ஆல்ப்ஸ் மலையில் நண்பர்கள் ஆறு பேரைப் பறிகொடுத்தவர் அவர். குளிருக்கும் பனிக்கும் அவர்களின் காலணிகள் ஈடுகொடுக்கவில்லை. 1937-இல் இந்த ரப்பர் அடிப்பாகத்தை உருவாக்கினார்.

அடிப்பாகத்துக்கு அடுத்து வகை: பாரம் சுமந்து பல நாள் நடக்க, கணுக்காலைப் பிடிக்கும் பூட்ஸ். ஒருநாள் நடைக்கு லேசான ஷூ போதும். மேற்குத் தொடர்ச்சி மலையில் மழைக்காலமென்றால் என் ஓட்டு வலைத்துணி ஷூவுக்கே; நீர்புகா பூட்ஸில் மேல்வழியாக ஓடைத்தண்ணீர் இறங்கிவிட்டால் அது எளிதில் வடியாது. அட்டை கடிக்காமலிருக்க, முழங்கால்வரை துணியுறை. எதுவானாலும் மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும்போது, நடைக்குப் போடும் அதே சாக்ஸோடு அளவு பாருங்கள். இறக்கத்தில் விரல்நுனி இடிக்கவே கூடாது.